முகவாயில் முடி குறைவா? கவலை வேண்டாம்!

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பூரில் எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தோம். தாராவியில் இருக்கும் என் தங்கை மகனுக்கு அப்போதுதான் திருநெல்வேலியில் பெண் பேசி முடித்திருந்தோம். பையனுக்கு வயது 24. காதோரமும் கன்னமும் கருகருவென்று இருக்கும். முகவாயில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முடிகள். அவற்றையே ஆசையாக நீளமாக வளர்த்து வைத்திருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, ஆட்டுத்தாடி வளர்க்கிறாயா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

நான்கு நாள் கழித்துத் தங்கை போனில் அழுதாள். முடி வளரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பச்சைப் பூண்டை அரைத்து முகவாயில் பூசி, இரவு முழுவதும் வைத்திருக்கிறான். காலையில் தோல் வெந்து கொப்புளம். நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

என் நாக்கு செய்த வேலை அது. அந்த உறுத்தலில் நானே அவனைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். எனக்குப் பழக்கமான சலூன்காரரிடமும் யோசனை கேட்டேன். தெரிந்துகொண்டவற்றை நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ஏன் இப்படி?

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் அதிலிருந்து உடலில் உண்டாகும் இன்னொரு ஹார்மோனும்தான் தாடியை வளர்க்கின்றன. ஆனால் அந்த ஹார்மோனை ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. எந்த இடத்தில் எவ்வளவு ஏற்கும் என்பது தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வருவது. ஆகவே தாடி குறைந்தால் ஆண்மை குறைவு என்று நினைப்பது தவறு. தாடியை வளர்க்கும் அதே ஹார்மோன்தான் பலருக்கு உச்சந்தலையை வழுக்கையாக்குகிறது!

வயதும் ஒரு காரணம். பலருக்கு முப்பது வயதுவரைகூடத் தாடி அடர்ந்துகொண்டே போகும். கல்லூரிப் பையன்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

அடிக்கடி மழித்தால் அடர்த்தியாகும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற பெண் விஞ்ஞானி 1928இலேயே இதைச் சோதித்து, மழிப்பதால் முடி தடிப்பதில்லை என்று எழுதிவிட்டார். இயற்கையாக முடியின் நுனி கூராக இருக்கும். மழித்தபின் வெட்டுப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் சொரசொரவென்று தடித்ததுபோல் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். இருந்த முடி திடீரென்று காசு அளவில் வட்டமாகக் கொட்டினால் அது புழுவெட்டு. பெயர்தான் புழு, உண்மையில் புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது. அதற்கு வெங்காயம், பூண்டு தேய்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும். தலை வழுக்கைக்கு வந்த மினாக்ஸிடில் மருந்தைச் சிலர் தாடிக்கும் பூசுகிறார்கள். அதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

முதலில் சர்வே

ரயில் பாதை போடுமுன் நிலத்தை அளப்பதுபோல் முகத்தையும் அளக்க வேண்டும். தாடி முடி நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். நான்கு வாரம் கை வைக்காமல் விட்டால் சுமார் ஒரு சென்டிமீட்டர் கிடைக்கும். பிறகு நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்து, எங்கே அடர்த்தி, எங்கே வெற்றிடம், மீசை கன்னத்து முடியோடு சேருகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இருக்கும் முடியை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். இல்லாத முடியை நம்பிப் போடக் கூடாது.

எது பொருந்தும்?

முகவாய் வெறுமையானவர்கள் பிரெஞ்சு தாடியையும் நீளத் தாடியையும் தவிர்ப்பது நல்லது. இரண்டும் பார்ப்பவர் கண்ணை முகவாய்க்கே இழுக்கும். அவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு.

ஒன்று, மீசை மட்டும் வைத்து மற்றதை மழிப்பது. எந்த முகத்துக்கும் மோசம் போகாது.

இரண்டு, குறுந்தாடி. டிரிம்மரில் அடர்ந்த கன்னத்துக்கு 2 மில்லிமீட்டர், மெல்லிய முகவாய்க்கு 4 மில்லிமீட்டர் என்று வைக்க வேண்டும். அடர்ந்த இடத்தைக் குட்டையாக்கினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மங்கிவிடும்.

மூன்று, முகவாயின் நடுவில் மட்டும் வெற்றிடம் என்றால், இருபுறத்து முடியையும் சில வாரம் வளரவிட்டு, நடுவை நோக்கிச் சீவி மூடலாம்.

நான்கு, முகவாயைச் சுத்தமாக மழித்துவிட்டு, மீசையைக் கன்னத்தின் வழியே கிருதா பக்கம் இழுத்துச் செல்வது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தளபதி ஆம்ப்ரோஸ் பர்ன்சைடு மீசையைக் கிருதாவோடு சேர்த்து, முகவாயை வெறுமையாக வைத்திருந்தார். கிருதாவை ஆங்கிலத்தில் 'சைட்பர்ன்ஸ்' என்பதே அவர் பெயரைத் திருப்பிப் போட்டு வந்ததுதான். நம்மவர் ஒருவரும் உண்டு. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானில் பிடிபட்டு மார்ச் 1 அன்று திரும்பிய விமானப்படை வீரர் அபிநந்தன் வர்த்தமான், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய மீசையும் கன்னத்தில் ஏறிக் கிருதாவை நோக்கிப் போகும். முகவாயில் முடியே இருக்காது. அந்த நாட்களில் சலூன் சலூனாக இளைஞர்கள் அந்த மீசையைக் கேட்டு வாங்கினார்கள். அப்போது அவருக்கு முகவாயில் தாடி இல்லையே என்று யாராவது குறை சொன்னார்களா?

பராமரிப்பு

கழுத்தில் குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே எல்லை வைத்து, அங்கிருந்து காதுக்குக் கீழ்வரை வளைவாகக் கொண்டுபோய், அதற்குக் கீழே உள்ளதை மழித்துவிட வேண்டும். எல்லை ஒழுங்காக இருந்தால் மெல்லிய தாடிக்கும் ஒரு மரியாதை வந்துவிடும். டிரிம்மரைக் காய்ந்த முடியில் ஓட்டுங்கள். மழிப்பதானால் வெந்நீரில் நனைத்து, முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். மும்பை வியர்வைக்கும் மழைக்காலப் புழுக்கத்துக்கும் தினமும் முகம் கழுவித் துடைக்காவிட்டால் தாடிக்குள் பரு வரும். சலூனில் கத்திக்கு உங்கள் கண்முன்னே புது பிளேடு போடச் சொல்லுங்கள். ஒருவருக்குப் போட்ட பிளேடால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் தொற்றக்கூடும். சாயம் பூசுவதானால் முழங்கை மடிப்பில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

மாப்பிள்ளை என்ன ஆனான்?

புண் ஆற இரண்டு வாரம் பிடித்தது. டாக்டர் வீட்டிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் கேட்டான்: "மாமா, எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"உனக்கு மட்டும் இல்லைப்பா. என் முகவாயைத் தொட்டுப் பார். மாட்டுங்கா ரயில்வே பணிமனைக்குப் போன நாள் முதல் மீசையோடு நிறுத்திக்கொண்டவன் நான். அதனால் யாருக்கும் தெரியாது. என் குடும்பத்துச் சொத்துதான் உன் அம்மா வழியாக உனக்கு வந்திருக்கும். அதைத்தான் நானே கேலி செய்தேன். தப்பு என்னுடையது" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே மாமா" என்றான்.

நிச்சயதார்த்தத்துக்கு முகவாயை மழித்து, முறுக்கிய மீசையோடு உட்கார்ந்திருந்தான். அந்தப் படம்தான் இன்று தங்கை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகளின் முகத்தைப் பற்றி நாலு பேர் நடுவில் வேடிக்கை பேசாதீர்கள். அவர்கள் நம்மோடு சேர்ந்து சிரித்துவிட்டு, தனியே போய்ப் பூண்டு அரைப்பார்கள்.