கைவேலைக் கண்ணாடி மணி: சரக்கு எடுப்போர் கவனத்திற்கு

நமது சங்க உறுப்பினர்களில் மளிகையோடு பேன்சி சாமான்களும் வைத்து விற்போர் அநேகர். மயிலாப்பூர் மாட வீதிகளில் பாசிமணிச் சரம் தொங்காத பூஜை சாமான் கடை குறைவு. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் மணி மாலை வருடம் முழுவதும் ஓடுகிற சரக்கு. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத் திருவிழா நாட்களில் ஜெபமாலைக்கு எவ்வளவு கிராக்கி என்பதை அடையாறு வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முஸ்லிம் கல்யாணத்துக்குக் கருகமணி, தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு நல்லபூசலு, நவராத்திரிக்குக் கொலு அலங்காரம் என்று மணி வியாபாரத்துக்கு ஓய்வே இல்லை.

இவற்றோடு இப்போது ‘லேம்ப் ஒர்க்’ என்ற பெயரில் கைவேலைக் கண்ணாடி மணிகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. கேஸ் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, ஒவ்வொரு மணியாகச் சுற்றிச் செய்கிற வேலை இது. செய்கிறவர் நேரே கடைக்கு வந்து பத்து இருபது மணிகளைக் காட்டுகிறார். ஒரு மணிக்கு அவர் சொல்லும் விலையில் ஒரு பொட்டலம் பாசிமணி வாங்கலாம் போலிருக்கிறது. நம்மவர்களில் சிலர் ‘வேண்டாம்’ என்று அனுப்பி விடுகிறார்கள். சிலர் பாதி விலைக்குக் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டாமவர்கள்தான் பிறகு அதிகம் சிரமப்படுகிறார்கள். விலையை அடித்தால் செய்கிறவர் கண்ணாடியைக் குறைக்க மாட்டார், நிறத்தையும் குறைக்க மாட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையைத்தான் விட்டு விடுவார். அது என்ன என்பது தெரிந்தால்தான் இந்தச் சரக்கைத் துணிந்து எடுக்க முடியும்.

முதலில் ரகங்களைப் பிரித்துக் கொள்வோம். கண்ணாடி மணி பெரும்பாலும் மூன்று வழிகளில் உருவாகிறது.

ஒன்று, இழுத்த மணி. உருகிய கண்ணாடியை உள்ளே துளையுள்ள நீண்ட குழலாக இழுத்து, ஆறிய பின் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். நாம் பொட்டலமாக விற்கும் பாசிமணி இந்த ரகம். இது நம் மண்ணின் பழைய தொழில். புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிற்காலத்தில் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அங்கே அகழாய்வு செய்தனர். அங்கே கிடைத்த சின்னஞ்சிறு இழுத்த மணிகளைப் போன்றவை தென்கிழக்கு ஆசிய நாடுகளில் ஏராளமாகக் கிடைப்பதால், ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார். பழனிக்கு அருகே பொருந்தலிலும் கண்ணாடி மணிகள் பெருவாரியாகக் கிடைத்தன. அதே இழுக்கும் முறை ஆந்திராவில் ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் கைத்தொழிலாக நடந்து வந்ததைப் பிரான்சிஸ் நேரில் பார்த்து எழுதினார். இழுத்த குழலை நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்கினால் கூர்முனைகள் மழுங்கி மணி உருண்டையாகும்.

இரண்டாவது அச்சு மணி. உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்தி எடுப்பது. எல்லாம் ஒரே அளவில் இருக்கும். உற்றுப் பார்த்தால் அச்சு சேர்ந்த கோடு தெரியும். 59 மணி கோக்கும் ஜெபமாலைக்கும் 33 அல்லது 99 மணி கோக்கும் தஸ்பீஹுக்கும் இதுதான் ஏற்றது. அங்கே அளவு பிசகக் கூடாது.

மூன்றாவது, சுற்றிய மணி. லேம்ப் ஒர்க் இந்த இனம். பழைய காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரைத் துருத்தியால் ஊதிச் செய்ததால் விளக்கு வேலை என்ற பெயர் நின்று விட்டது. இன்று கேஸும் ஆக்ஸிஜனும் கலந்த டார்ச். உத்தரப் பிரதேசத்தில் காசி இந்த வேலைக்குப் பேர் போன ஊர். வாரணாசி கண்ணாடி மணிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஹாத்ரஸ் பக்கம் புர்தில்நகரில் உலைக் கண்ணாடியில் சுற்றுகிறார்கள்.

செய்முறையைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியில் களிமண் போன்ற பூச்சைத் தடவிக் காய வைக்கிறார்கள். கண்ணாடி கம்பியில் ஒட்டாமலிருக்க இந்தப் பூச்சு. இடது கையில் கம்பி, வலது கையில் கண்ணாடிக் குச்சி. குச்சியின் முனை சுடரில் தேன் பதத்துக்கு இளகியதும் அதைக் கம்பியில் தொட்டு, கம்பியைச் சுழற்றிக் கொண்டே சுற்றுகிறார்கள். சுழற்றுவதை நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கம் தொங்கி விடும். உருண்டை கூடியதும் வேறு நிறக் குச்சியால் புள்ளி வைப்பது, கோடு இழுப்பது, பூ போடுவது எல்லாம். வெற்று மணி சில நிமிடத்தில் முடியும். பூ வேலை மணி ஒன்றுக்கே கால் மணி நேரம், அதற்கு மேலும் ஆகும். இதில் இரண்டாவது ஆளை வைத்து வேகப்படுத்த வழி இல்லை.

ஆற்றுவதில்தான் சரக்கின் ஆயுள்

சுடரிலிருந்து எடுத்த மணி மேல்புறம் சட்டென்று ஆறும். உள்ளே இன்னும் கொதிக்கும். மேல்புறம் இறுகிய பிறகு உள்புறம் ஆறிச் சுருங்கப் பார்க்கும். சுருங்க இடம் இல்லாமல் கண்ணாடிக்குள் இழுவிசை தங்கி விடுகிறது. சில மணிகள் அப்போதே ‘டிக்’ என்று வெடிக்கும். அவற்றால் நமக்கு நஷ்டமில்லை. வெடிக்காமல் தப்பிய மணிதான் ஆபத்து. அது நம் கண்ணாடி அலமாரியில் இருக்கும்போதோ, வாங்கிய அம்மாள் வெந்நீரில் குளிக்கும்போதோ, ஒரு மாதம் கழித்தோ பிளக்கும். கழுத்தில் கிடக்கும் கண்ணாடி பிளந்தால் கீறலும் உண்டு.

இதைத் தவிர்க்க, செய்த மணியைச் சூடு குறையும் முன்பே மின் சூளையில் வைத்து, சாதாரண மெது கண்ணாடியானால் சுமார் 500 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே சூடு வந்த பிறகு படிப்படியாகச் சூட்டை இறக்க வேண்டும். இதற்கு அனீலிங் என்று பெயர். நாம் ஆற்றுதல் என்போம். பெரிய மணிக்கு அதிக நேரம். சூளைக்கு முதலீடும் மின்சாரச் செலவும் உண்டு. இது இல்லாதவர்கள் சாம்பலிலோ, வெர்மிகுலைட் தூளிலோ புதைத்து ஆற வைக்கிறார்கள். அது மெதுவாக ஆற வைப்பதுதானே தவிர, உள்ளே தங்கிய இழுவிசையைத் தீர்ப்பதில்லை. சிறு மணி பிழைத்துப் போகலாம். நெல்லிக்காய் அளவு மணியைச் சாம்பலை நம்பி வாங்காதீர்கள்.

சூளையில் ஆற்றிய மணியும் ஆற்றாத மணியும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே விலை அடிபட்டால் முதலில் அடிபடுவது இந்தச் செலவுதான். முறையாகச் செய்கிறவர் அந்த விலைக்குக் கட்டாமல் ஒதுங்கி விடுவார். ஆற்றாத மணிக்காரர் ஒப்புக் கொள்வார். நாம் பேரம் பேசிப் பேசி மட்ட சரக்கைத் தேடிப் பிடித்துக் கொண்டதாக ஆகிறது.

உடைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவு விரிவதில்லை. மணிக்குப் பயன்படும் மெது கண்ணாடி, ஆய்வுக்கூடச் சாமான் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடியைப் போல சுமார் மூன்று மடங்கு விரியும். சென்னைக்கு இந்தச் சுடர் வேலை புதிதன்று. அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் ஆராய்ச்சிக்கான குழாய்களைச் சுடரில் வளைத்து ஒட்டும் கைதேர்ந்தவர்கள் இருந்து வந்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி வேறு, மணிக் கண்ணாடி வேறு. இரண்டையும் ஒரே மணியில் கலந்தால் எந்தச் சூளையும் காப்பாற்றாது. உடைந்த பாட்டிலை உருக்கிக் கலர் குச்சியோடு சேர்த்தாலும் இந்தத் தொல்லை வரலாம். ‘என்ன கண்ணாடி, ஒரே இனமா?’ என்று கேட்டால், தொழில் தெரிந்தவர் உடனே பதில் சொல்வார். திணறுகிறவரிடம் கொஞ்சம் நிதானம் தேவை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

துளையைப் பாருங்கள். நல்ல சுற்று மணியில் இரு முனைகளும் லேசாக உள்வாங்கி வழவழவென்று இருக்கும். முனை கூராக எழும்பி நின்றால் நூலை அறுத்து விடும். ஒரு பருத்தி நூலைக் கோத்துப் பத்து முறை முன்னும் பின்னும் இழுங்கள். பிசிறு கிளம்பினால் அந்த மணியைத் தள்ளி விடலாம். துளைக்குள் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ மண் இருந்தால் அது கம்பிப் பூச்சு. சுற்றிய மணி என்பதற்கு அடையாளம்தான், ஆனால் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். பட்டுப் புடவையில் அந்தத் தூள் உதிர்ந்தால் பேச்சு கேட்க வேண்டியது நாம்.

சுற்று மணியில் கோடும் நீர்க்குமிழியும் துளையைச் சுற்றி வளைந்து ஓடும். இழுத்த மணியில் துளைக்கு இணையாக நேராக ஓடும். ஒரு சின்ன லென்ஸ் இருந்தால் கல்லாவில் உட்கார்ந்தே ரகம் பிரிக்கலாம். நூறு மணியும் அச்சு வார்த்தது போல ஒன்றாக இருந்தால், ‘கைவேலை’ என்ற சொல்லுக்கு விலை கொடுக்க வேண்டாம்.

ஆற்றியதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. போலராய்டு கூலிங் கிளாஸ் இரண்டை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காகத் திருப்பினால் வெளிச்சம் மறைந்து இருட்டாகும். (இருட்டாகவில்லையென்றால் அது சாதாரணக் கலர் கண்ணாடி, இதற்கு உதவாது.) நடுவில் தெளிந்த மணியை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். துளையைச் சுற்றிப் பளிச்சென்று திட்டுகள் தெரிந்தால் இழுவிசை தங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒளி புகாத மணிக்கு இந்தச் சோதனை பலிக்காது. அதற்குச் சூளை வைத்திருக்கிறாரா என்று செய்கிற இடத்தையே போய்ப் பார்த்து விடுவது நல்லது.

பிளாஸ்டிக்கைக் கண்ணாடி என்று தள்ளி விடுவோரும் உண்டு. கண்ணாடி கன்னத்தில் வைத்தால் குளிரும். இரண்டு மணியைத் தட்டினால் கணீரென்ற ஒலி வரும். சந்தேகமானால் நமக்குக் கைவசம் உப்பு இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் இனி கரையாது என்னும் அளவு உப்பைக் கரைத்து, துளையில் காற்று நிற்காமல் மணியை முக்குங்கள். லேசான பிளாஸ்டிக் ரகங்கள் மிதக்கும். கண்ணாடி எப்போதும் மூழ்கும். மூழ்கியதெல்லாம் கண்ணாடி என்று முடிவு கட்ட வேண்டாம். கனமான பிளாஸ்டிக்கும் உண்டு. சுட்ட ஊசி முனையைத் தொட்டால் அதுவும் வெளிப்பட்டு விடும். நிறம் பூச்சா, கண்ணாடியிலேயே ஊறியதா என்பதற்கு நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஒரு மணியைத் துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்து விடும்.

கணக்கு வழக்கு

பாசிமணிப் பொட்டலம் 450 கிராமாக வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது அரைக் கிலோ அல்ல. கிலோ விலையோடு ஒப்பிடும்போது இந்த 50 கிராமை மறக்க வேண்டாம். பிரித்துச் சிறு பாக்கெட்டாக நீங்களே கட்டி விற்றால், நிகர அளவு, அதிகபட்ச விலை, கட்டியவர் பெயர் முகவரி முதலிய விவரங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் மணிக்கும் பொருந்தும். கண்ணாடி வளையலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் மணிக்கும் இல்லை என்று எண்ணிப் பில் போட்டு விடாதீர்கள்.

கைவேலை மணியை எடைக்குப் பேசாதீர்கள், எண்ணிக்கைக்குப் பேசுங்கள். ஆற்றாமல் உடைந்தால் குறிப்பிட்ட மாதத்துக்குள் மாற்றித் தருவது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சூளை வைத்திருப்பவர் இதற்குத் தயங்க மாட்டார். முதல் முறை சிறிய உருப்படியாக எடுத்து, சில வாரம் அலமாரியில் வைத்துப் பார்த்து, பிறகு மொத்தமாகச் சொல்லலாம்.

பணம் கொடுப்பதிலும் கவனம் தேவை. உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழிலாக இவர்கள் இருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தீர்க்க வேண்டும். ‘தீபாவளி முடியட்டும்’ என்ற நமது பழைய வழக்கம் இங்கே செல்லாது. கெடு தாண்டி ஆண்டு முடிவில் நிலுவை நின்றால், அந்தத் தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலும். உங்கள் கணக்குக்கு இது எப்படிப் பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கொலு சீசனிலும் திருவிழாவிலும் கூட்டம் சேர்க்க, கடை வாசலில் டார்ச் வைத்து மணி செய்து காட்டுகிறேன் என்று சிலர் கேட்பார்கள். எண்ணெய் டின்னும் சாக்கும் அட்டைப் பெட்டியும் அடுக்கிய மளிகைக் கடையில் ஆக்ஸிஜனும் கேஸும் சேர்ந்த சுடருக்கு இடம் கொடுக்க வேண்டாம். வெளியே தனி இடத்தில் செய்தாலும் வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் கூடாது. வர்த்தக சிலிண்டர்தான் இருக்க வேண்டும். தீ அணைக்கும் கருவி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் சுடருக்கும் நடுவே தடுப்பு கட்டாயம் வேண்டும். ஆறாத மணி சிகப்பாக ஜொலிக்காமல் சாதாரண மணி போலவே இருக்கும், கை வைத்தால் கொப்பளித்து விடும்.