அறுகோணத்துக்குள் ஓர் ஆள்

போடிநாயக்கனூர் பக்கம் சிலமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணன் மகன் ஒரு மணி நேரமாகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வெடிச்சத்தமோ கூச்சலோ எதுவும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பெண் வில்லோடு அசையாமல் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஆறு வரிகள், ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். ஒன்றைக் கூட்டுவான், யோசிப்பான், குறைப்பான்.

"இன்னும் ஆட்டம் ஆரம்பிக்கலையாடா?" என்றேன்.

"இதுதான் சித்தப்பா ஆட்டமே. இங்க தப்புப் பண்ணிட்டா அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு அழுகணும்."

அவன் சொன்னது சரி. பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் நடமாடும் கற்பனை உலக ஆட்டங்களில், வில்லில் நாண் ஏற்றுவதற்கு முன்பே முக்கியமான முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. உள்ளே போகப்போகிறவர் யார், எதில் கெட்டிக்காரர், எதில் சோடை என்பதையெல்லாம் ஆடுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த ஆளுக்குக் கேரக்டர் என்று பெயர். அவருக்குப் புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கும் கணக்கை ஆடுபவர்கள் 'பில்ட்' என்கிறார்கள்.

போனில் ஆடும் எல்லாவற்றையும் 'கேம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பெரியவர்கள் கோபப்படுகிறோம். பணம் கட்டி ஆடும் ரம்மி வேறு. அந்த வகை இணைய ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றம் 2025-இல் சட்டமே நிறைவேற்றியது. நான் சொல்ல வந்த ஆட்டத்தில் பந்தயம் இல்லை. ஒரு நாடகத்துக்குப் பாத்திரம் எழுதி, அதற்குள் தானே புகுந்து, முன்பின் தெரியாத நூறு பேரோடு மாதக்கணக்கில் நடிப்பதைப் போன்றது அது.

எனக்கு இது அறிமுகமானது மதுரையில் படித்த காலத்தில், ஒரு ப்ரவுசிங் சென்டரில். ஆட்டத்தின் பெயர் ரக்னராக் ஆன்லைன். தென்கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-இல் வெளியிட்டது. லீ மியுங்-ஜின் வரைந்த ஒரு சித்திரக்கதையிலிருந்து பிறந்த உலகம் அது. 2000-களில் இந்தியாவுக்கென்றே அதற்குத் தனி சர்வர் இருந்தது. இங்குள்ள பையன்கள் பலர் இணைய உலகத்தில் முதன்முதலில் ஓர் ஆளாக நடமாடியது அதில்தான்.

அந்த நாட்களில் புதுக் கேரக்டர் உருவாக்கும்போது அதில் ஓர் அறுகோணம் தோன்றும். ஆறு முனைக்கு ஆறு குணம்: பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, கைத்திறன், அதிர்ஷ்டம். தொடக்கத்தில் எல்லாம் ஐந்து ஐந்தாக இருக்கும். பலத்தை ஒன்று கூட்டினால் அதற்கு நேர் எதிர்முனையில் இருக்கும் அறிவு ஒன்று குறையும். சுறுசுறுப்பைக் கூட்டினால் அதிர்ஷ்டம் சுருங்கும். உடல் உறுதிக்கு எதிரே கைத்திறன். ஒரு முனையை ஒன்பதுவரை இழுக்கலாம். அப்போது எதிர்முனை ஒன்றில் வந்து நிற்கும். எப்படி இழுத்தாலும் மொத்தம் முப்பதுதான். இந்த ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் சொல்ல நினைத்ததையெல்லாம் அந்த ஒரு படத்திலேயே சொல்லிவிட்டார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குப் புரியவில்லை. எதையும் இழக்க மனமில்லாமல் அறுகோணத்தைத் தொடாமலே விட்டேன். ஆறும் ஐந்து.

அதற்குப் பிறகு கிடைத்த புள்ளிகளையும் அப்படியே சமமாகப் பங்கு போட்டேன். அந்த ஆளால் அடிக்கவும் முடியவில்லை, அடியிலிருந்து விலகவும் முடியவில்லை. பக்கத்துக் கணினியில் ஆடிய நண்பர் ஒரு வில்லாளியை வளர்த்தார். கைத்திறனும் சுறுசுறுப்பும் மட்டுமே ஏற்றினார். பலம் ஒன்றிலேயே கிடந்தது. அந்த ஆட்டத்தில் அம்பின் வலிமை பெரும்பாலும் தோளிலிருந்து வருவதில்லை, கைத்திறனிலிருந்து வருகிறது. என் ஆள் மூன்று முறை விழுந்து எழுந்த இடத்தில் அவருடைய வில்லாளி தூரத்தில் நின்றே வேலையை முடித்துவிடுவார். கொடுத்த புள்ளியைத் திரும்ப வாங்க அன்று எளிதான வழியும் இல்லை. ஒரு பருவம் முழுக்க வளர்த்த கேரக்டரை அழித்துவிட்டு மறுபடி அறுகோணத்திலிருந்து தொடங்கினேன்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மிக அழகான கணக்கு அது. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் செலவழிக்கப் புள்ளிகள் கிடைக்கும். ஒன்றாம் லெவலிலிருந்து அன்று உச்சமாக இருந்த 99-ஆம் லெவல்வரை சேர்த்தால் 1,225. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் விலை ஏறிக்கொண்டே போகும். ஒரு குணத்தை 11-க்குக் கொண்டுவரும்வரை ஒரு படிக்கு 2 புள்ளி. அடுத்த பத்துப் படிக்கு மூன்று மூன்று. இப்படியே வளர்ந்து 91-ஐத் தாண்டினால் படிக்கு 11. அறுகோணத்தில் ஒன்பது வைத்துத் தொடங்கிய ஒரு குணத்தை 99 ஆக்க 612 புள்ளி ஆகும். இரண்டு குணங்களுக்கு 1,224. கையில் மிஞ்சுவது ஒரே ஒரு புள்ளி, அதை வைத்து எதையும் வாங்க முடியாது. ஆக, வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் ஆறில் இரண்டில்தான் ஒருவர் உச்சம் தொடலாம். மீதி நான்கில் இரண்டு ஒன்றிலும், மற்ற இரண்டு அறுகோணத்தில் தொடங்கிய இடத்திலுமாக நின்றுவிடும். நான் செய்ததுபோல் சமமாகப் பிரித்தாலோ ஆறும் 52, 53 என்ற இடத்தில் தேங்கிவிடும்.

இதற்குள் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அன்றைய கணக்கில் வாள் வீச்சின் வலிமை பலத்தோடு நேராக ஏறாது. பலத்தைப் பத்தால் வகுத்து, கிடைத்த முழு எண்ணை அதனாலேயே பெருக்கி, பலத்தோடு கூட்டுவார்கள். 79-இல் அது 128, 80-இல் 144. ஒரே படியில் பதினாறு ஏறுகிறது. அதனால் 79-இல் நிறுத்துபவர் ஏமாந்தவர். பள்ளியில் கணக்கென்றாலே ஓடிய பையன்கள் இந்த வர்க்கக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்து, எங்கே நிறுத்தலாம் என்று வாதாடியதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தொழில். அன்று பத்தாம் படிவரை எல்லோரும் கத்துக்குட்டிகள். பிறகு ஆறு வழி பிரியும்: வாள்வீரர், மந்திரவாதி, வில்லாளி, பூசகர், வியாபாரி, திருடர். இரண்டாம் முறை நான் எடுத்தது வியாபாரி. போடிநாயக்கனூர் கடைவீதியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? சண்டையில் அவர் பெரிய ஆளில்லை. ஆனால் கடைக்காரப் பாத்திரங்களிடம் 24 சதவீதம்வரை குறைத்து வாங்கவும், அதே அளவு கூட்டி விற்கவும் அவருக்குத் திறன் உண்டு. தள்ளுவண்டி இழுக்கலாம். அந்த வண்டியை ப்ரொன்டேரா என்ற நகரத்துத் தெருவில் நிறுத்தி, விலைப்பலகை எழுதிவைத்து, கடை விரிக்கலாம். இரவில் கேரக்டரை அப்படியே உட்காரவைத்துவிட்டு ஆடுபவர் தூங்கப் போவார். காலையில் பார்த்தால் சரக்கு விற்றிருக்கும். வியாபாரி வளர்ந்து கொல்லர் ஆனால், அவர் அடித்த வாளில் அவர் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். அது எத்தனை கை மாறினாலும் பெயர் போகாது. அரக்கனை வெட்டும் கதைக்குள் சந்தைக்கும் பட்டறைக்கும் இத்தனை மரியாதை வைத்த அந்த வடிவமைப்பாளர்கள் மேல் எனக்கு இன்னும் பிரியம் உண்டு.

இந்தப் புள்ளிக்கணக்கெல்லாம் கணினியிலிருந்து பிறந்ததல்ல. 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியானது. அதற்குத் தேவை தாள், பென்சில், பகடை. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அதற்குள் ஆட்களாக நுழைவார்கள். அதிலும் ஆறு குணங்கள். ஆனால் அன்றைய விதிப்படி அவற்றை ஆடுபவர் தேர்ந்தெடுக்க முடியாது. மூன்று பகடைகளை உருட்டி, விழுந்ததைக் கூட்டி எழுத வேண்டியிருந்தது. மூன்று பகடை விழக்கூடிய விதங்கள் 216. அதில் 18 விழுவது ஒரே ஒரு விதம், 3 விழுவதும் ஒன்றே. 9 முதல் 12 வரை விழுபவை 104, ஏறக்குறைய பாதி. உலகத்தில் பெரும்பாலோர் நடுத்தரம், அபூர்வமாகத்தான் ஒரு பீமன் என்பதைப் பகடையே சொல்லிவிடுகிறது. கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து பகடைகள் எடுத்த நாட்டுக்காரர்கள் நாம். உருட்டுவது நமக்குப் புதிதில்லை. விழுந்த எண்ணைக் கொண்டு ஓர் ஆளைப் படைத்ததுதான் புதிது.

விரைவிலேயே இத்தகைய உலகங்கள் கணினிக்குள்ளும் வந்தன. 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்ற ஆட்டம் படமே இல்லாத வெறும் எழுத்து. 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் அதே வழியில் 'டிக்குமட்' எழுதினார்கள். 1999-இல் வந்த எவர்குவெஸ்ட், 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் எல்லாம் அந்தக் கிளையில் காய்த்தவை.

தொழிலே பிரிக்காமல் விட்ட ஆட்டங்களும் உண்டு. 1997-இன் அல்டிமா ஆன்லைனில் யாரும் எதையும் கற்கலாம். தொடக்கத்தில் ஒரு திறனின் உச்சம் 100, ஆனால் எல்லாம் சேர்ந்து 700-ஐத் தாண்டக்கூடாது என்று இருந்தது. ஏழில் நிபுணராகலாம், எட்டாவது வேண்டுமென்றால் ஒன்றை மறக்க வேண்டும். 2001-இல் தொடங்கிய ரூன்ஸ்கேப் வேறொரு வேலியைப் போட்டது. அங்கே மீன்பிடித்தல், மரம் வெட்டுதல், சமையல் எல்லாமே திறன்கள், எல்லாவற்றிலும் 99 தொடலாம். தடுப்பது நேரம் மட்டும்தான். 99-க்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92-ஆம் படியில் நிற்பவர் கிட்டத்தட்ட முடித்துவிட்டோம் என்று நினைப்பார். கணக்குப்படி அவர் அப்போதுதான் பாதி தூரம் வந்திருக்கிறார். அதன் பழைய வடிவம் 2018 முதல் கைபேசியிலும் ஓடுகிறது.

அறுகோணத்தில் எதையாவது இழந்தே ஆக வேண்டும் என்று ஏன் வைத்தார்கள்? சிலமலையிலிருந்து விடிகாலையில் ஏலக்காட்டுக்கு ஜீப் ஏறுபவர்களிடம் கேட்டால் உடனே விளங்கும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மூடுபனிக்குள் கடக்கத் தெரிந்தவர் ஒருவர். ஒரே சரத்தில் விளைந்த காயை மட்டும் எடுத்து, பிஞ்சை விட்டுவைக்கும் கைப்பழக்கம் இன்னொருவருக்கு. ஸ்டோர் எனும் உலர்கூடத்தில் இரவெல்லாம் விழித்துச் சூடு பார்த்துக் காயை உலர்த்துகிறவர் வேறு. ரகம் பிரிக்கும் கண் வேறு. யாருக்கும் எல்லாம் வராது, அதனால்தான் எல்லோரும் வேண்டியிருக்கிறது. ஆட்டத்திலும் அப்படியே. உடல் உறுதியில் எல்லாவற்றையும் போட்டவர் முன்னால் நின்று அடி வாங்குவார். அவரை 'டேங்க்' என்பார்கள். அறிவில் போட்ட பூசகர் பின்னால் நின்று காயம் ஆற்றுவார், அவர் 'ஹீலர்'. அடிப்பவர் நடுவில். தனியாக வந்தால் மூவருமே விழுவார்கள். ஒருவர் விட்டுக்கொடுத்த இடத்தில் இன்னொருவருக்கு நாற்காலி கிடைக்கிறது. என் முதல் கேரக்டரை யாரும் கூட்டத்தில் சேர்க்காததற்குக் காரணம் அதுதான். அவரிடம் எந்தக் குறையும் பெரிதாக இல்லை, ஆகவே அவர் எதற்கும் தேவைப்படவில்லை.

உருவம், உயரம், முடி, உடை ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பது வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். 2007-இல் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. மெய்நிகர் உலகில் சிலருக்கு உயரமான உருவமும் சிலருக்குக் குட்டையான உருவமும் கொடுத்து, ஒரு தொகையைப் பங்கு பிரிக்கச் சொன்னார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் அதிகம் கறாராகப் பேரம் பேசினார்கள். குட்டை உருவம் கிடைத்தவர்கள் நியாயமற்ற பங்கையும் ஏற்றுக்கொள்ள முனைந்தார்கள். நாம் கேரக்டரை ஆட்டுவிக்கிறோம் என்று நினைக்கும்போதே அதுவும் நம்மை ஆட்டுவிக்கிறது.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். இப்போது வரும் பல ஆட்டங்களில் இந்தக் கணக்கையே காசுக்கு விற்கிறார்கள். இழக்காமல் பெறலாம், பணம் கட்டு என்கிறார்கள். அந்த நொடியிலேயே அறுகோணம் உடைந்துபோகிறது. பிறகு அங்கே கேரக்டர் இல்லை, பில் மட்டும்தான். காசு கேட்டு நச்சரிக்கும் ஆட்டத்தைப் பிள்ளைகள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

மற்ற ஆட்டங்கள் இருக்கட்டும். உங்கள் வீட்டிலும் ஒருவன் அல்லது ஒருத்தி அசையாத திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். "எதைக் கூட்டினாய், அதற்காக எதைக் குறைத்தாய்?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது அண்ணன் மகன் அரை மணி நேரம் பேசினான். போன் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. லூடோப் பெட்டியிலிருந்து ஒரு பகடை எடுத்து, மும்மூன்று தடவையாக ஆறு முறை உருட்டிக் கூட்டி எழுதுங்கள். வந்த எண்களுக்கு ஒரு பெயர் வையுங்கள், ஒரு தொழில் கொடுங்கள், பிறகு கதையைத் தொடங்குங்கள்.