பச்சை விளக்கை நம்பிய மூன்று மாதங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது வேலைப் பயிற்சிக்காக ஒரு சிறிய நிறுவனத்துக்குச் சென்றிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை அங்கே கணக்குப் பிரிவின் வன்வட்டு பழுதானது. யாரும் பதறவில்லை. வெள்ளிக்கிழமை இரவுதோறும் கணக்குகளும் வரைபடங்களும் டேப்பில் பதிவாகிக்கொண்டிருந்தன. டேப் டிரைவின் பச்சை விளக்கும் ஒழுங்காக எரிந்தது.

டேப்பைப் படித்துப் பார்த்தால் அதில் வரைபடங்கள் மட்டுமே இருந்தன. முந்தைய வார டேப்பிலும் அப்படித்தான். அதற்கு முந்தையதிலும்.

இந்தக் காலத்திலுமா டேப் என்று நீங்கள் கேட்கலாம். 2011 பிப்ரவரி இறுதியில், சேமிப்பு மென்பொருளில் ஏற்பட்ட ஒரு பிழையால் ஜிமெயில் பயனாளர்களில் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்பெட்டி காலியானது. கூகல் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் பல நகல்கள் வைத்திருந்தது. ஆனால் அதே பிழை அந்த நகல்களையும் தாக்கியது. கடைசியில் காப்பாற்றியது டேப்தான். கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த டேப்பை எந்த மென்பொருள் பிழையும் எட்டிப் பிடிக்க முடியாது. 2021ல் வந்த எல்டிஓ-9 வகை டேப் ஒன்றில் 18 டெராபைட் அடங்கும்.

எங்கள் கதைக்கு வருவோம். "டிரைவ் கெட்டுப்போச்சு, புதுசு வாங்கணும்" என்றார் மேலாளர். அங்கிருந்த மூத்த தொழில்நுட்பர் என்னைப் பார்த்து, "தம்பி, அதைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அதுகிட்டயே கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

லினக்ஸில் அப்படிக் கேட்பது எளிது. முதல் கேள்வி, டிரைவ் இணைந்திருப்பது கணினிக்குத் தெரிகிறதா என்பது. கணினியின் கருவிப் பட்டியலில் அதன் பெயரே இல்லையென்றால் கேபிளையும் மின்சாரத்தையும்தான் பார்க்க வேண்டும். பெயர் இருந்தால், 'எம்', 'டி' என்ற ஈரெழுத்துக் கட்டளையிடம் நிலவரம் கேட்கலாம். உள்ளே டேப் இருக்கிறதா, எழுத முடியாதபடி அதன் ஓரத்துப் பூட்டு தள்ளப்பட்டிருக்கிறதா, இப்போது டேப் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். 'கருவி வேலையில் இருக்கிறது' என்று பதில் வந்தால், வேறொரு நிரல் டிரைவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். பழுது என்று பொருளல்ல.

உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை என்று வந்தால்தான் கொஞ்சம் துப்பறிய வேண்டும். வேறொரு டேப்பைப் போட்டுப் பாருங்கள். பிழை பழைய டேப்போடு போய்விட்டால் குற்றம் டேப்பில். எந்த டேப்பைப் போட்டாலும் பிழை வந்தால் டிரைவின் தலைப்பகுதி அழுக்காக இருக்கலாம். அதற்கென்று துப்புரவு டேப் இருக்கிறது. ஆனால் டிரைவ் கேட்கும்போது மட்டும் அதைப் போடுங்கள். அடிக்கடி போட்டால் தலைப்பகுதி தேயும். சில வேளைகளில் எதுவுமே பழுதாகியிருக்காது. எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது; அதன் வடிவமைப்பே அப்படி. புதிய எல்டிஓ-9 டேப்பை முதன்முதலில் போட்டால் டிரைவ் தன்னை அதற்கு ஏற்பச் சரிசெய்துகொள்ள 2 மணி நேரம் வரைகூட எடுக்கலாம். இது தெரியாமல் பாதியில் மின்சாரத்தை நிறுத்துபவர்கள் உண்டு.

எங்கள் டிரைவ் இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது. பிறகுதான் அவர் வெள்ளிக்கிழமை ஓடும் ஸ்கிரிப்ட்டைத் திறந்தார். அதில் இரண்டே வரிகள். இரண்டிலும் 'டார்' கட்டளை. முதல் வரி கணக்குகளையும் அடுத்த வரி வரைபடங்களையும் டேப்புக்கு அனுப்பியது. இரண்டாம் வரி மூன்று மாதங்களுக்கு முன்புதான் சேர்க்கப்பட்டது.

லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. 'எஸ்டி0' என்று அழைத்தால், வேலை முடிந்ததும் டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். முன்னால் 'என்' சேர்த்து 'என்எஸ்டி0' என்று அழைத்தால், முடித்த இடத்திலேயே நிற்கும். எங்கள் ஸ்கிரிப்ட் இரண்டு வரிகளிலும் முதல் பெயரைத்தான் பயன்படுத்தியது. கணக்குகள் பதிவாயின, டேப் பின்னால் சுற்றியது, வரைபடங்கள் அவற்றின் மேலேயே பதிவாயின. இரண்டு கட்டளைகளும் 'வெற்றி' என்றே அறிவித்தன. பச்சை விளக்கும் பொய் சொல்லவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்த கருவியை எப்படிக் குறை சொல்வது?

கணக்குகளின் வால்பகுதி டேப்பில் எங்காவது மிச்சமிருக்காதா என்று கேட்டேன். இருக்கலாம், ஆனால் பயனில்லை என்றார். கடைசியாக எழுதியது முடியும் இடத்தில் 'தரவு முடிந்தது' என்ற குறியை டிரைவ் இட்டுவிடுகிறது. சாதாரண முறையில் படிக்கும்போது அது அந்தக் குறியைத் தாண்டிப் போகாது.

நல்லவேளையாக, பழைய டேப் ஒன்று அலமாரியில் தனியாகக் கிடந்தது. அதிலிருந்து மூன்று மாதங்களுக்கு முந்தைய கணக்குகள் கிடைத்தன. அதன் பிறகானவற்றைக் கணக்குப் பிரிவு அக்கா ரசீதுகளை வைத்து மறுபடியும் தட்டச்சு செய்தார். மூன்று வாரம், ஏழு அட்டைப்பெட்டிகள். ஒரு நாள்கூட அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஸ்கிரிப்ட்டைத் திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வரிக்கு ஓர் எழுத்து. அதோடு சில வரிகளை நான் சேர்த்தேன். பதிவு முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றி, முதல் தொகுப்பின் பட்டியலைப் படித்து, அடுத்த தொகுப்புக்குத் தாவி அதையும் படித்துக் காட்டும். பட்டியல் வந்தாலே கோப்பு திறக்கும் என்று சொல்ல முடியாது அல்லவா? ஆகவே மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பைத் தனி அடைவில் மீட்டுத் திறந்து பார்ப்பது என்றும் முடிவானது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை டேப்பிலிருந்து மீட்ட கணக்குக் கோப்பு ஒன்றை அக்காவின் திரையில் திறந்து காட்டினேன். அவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, மொத்தத் தொகையைக் கால்குலேட்டரில் இரண்டு முறை கூட்டிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினார்.