அலுமாரிக்குள் ஒரு மழைக்காலம்

தென்மேல் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை, மலைநாட்டு வீடுகளில் புத்தகங்களிலும் உடுப்புகளிலும் பூஞ்சணம் படர்கிறது. காற்றிலுள்ள நீராவி, பனிபடுநிலைக்குக் கீழே குளிர்ந்த சுவரைத் தொட்டதும் நீராகிறது. அந்த ஈரத்தில் பங்கசு வித்திகள் முளைக்கின்றன. காற்றில் பரவும் வித்திகள் இழுப்பு நோயுள்ளவர்களின் மூச்சை வருத்துகின்றன.

ஈரநீக்கி இயந்திரமும் இதே விதிப்படிதான் இயங்குகிறது. விசிறி இழுக்கும் காற்று குளிர்ந்த சுருளில் படும்போது நீராவி ஒடுங்கித் தொட்டியில் சேர்கிறது. சாரீரப்பதன் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளர்வது கடினம். யன்னலைத் திறந்து வைத்தால் இயந்திரத்தின் உழைப்பு வீண்.

இயந்திரம் இல்லையா? அலுமாரியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்துங்கள். ஈர உடுப்பை அறைக்குள் காயவிடாதீர்கள். கொதிக்கும் பானையை மூடுங்கள். பூஞ்சணத்தைத் துடைப்பது மட்டும் போதாது. ஈரம் இருக்கும்வரை அது திரும்பி வரும்.