பகிர்ந்து தெளிதல்

புதிய அறிவியல் முடிவு, பலர் ஆராய்ந்து ஏற்ற பின்னரே நிலைபெறுகிறது. 2011 செப்டம்பரில், ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து செலுத்தப்பட்ட நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்தை ஒளியைவிட ஏறத்தாழ 60 நானோநொடி முன்னதாக அடைந்ததாக ஓப்பரா ஆய்வுக்குழு அறிவித்தது. ஒளியின் வேகத்தை எதுவும் விஞ்சாது என்னும் ஐன்ஸ்டைனின் கொள்கைக்கு இது முரணானது. எனவே குழுவினர் தம் அளவீடுகளை இணையத்தில் வெளியிட்டு, அவற்றை ஆராயுமாறு உலக அறிவியலாளரை வேண்டினர். கருத்துகளும் ஐயங்களும் குவிந்தன.

2012இன் தொடக்கத்தில், ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருத்தப்படாததைக் குழுவினரே கண்டறிந்து வெளிப்படுத்தினர். அதே ஆய்வகத்தின் இக்காரஸ் குழுவும், நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை எனத் தன் அளவீட்டால் காட்டியது. வியப்பான செய்தியைப் பரப்புதல் எளிது. அதனுடன் ஐயத்தையும் குறையையும் சேர்த்துப் பகிர்வதே அறிவியல் நேர்மையாகும்.