நீலச் சாயம், சிவப்பு ஒளி

'பல் டாக்டர்கள் லேசர் வைத்துக் கிருமியைப் பொசுக்குகிறார்களாமே, வாய் வெந்துவிடாதா?' என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வேகாது. கிருமியைக் கொல்வது சூடு அல்ல, அந்த ஒளி மட்டுமேகூட அல்ல. முதல் வேலை சாயத்துடையது.

முனை மழுங்கிய ஊசி வழியாக டொலுயிடின் புளூ அல்லது மெத்திலீன் புளூ சில சொட்டுகள், தோண்டிய சொத்தைக் குழியிலோ ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலோ இறங்கும். வாழைத்தார் வெட்டும்போது என் வேட்டியில் தெறிக்கும் கறை மாதிரி, அது கிருமியின் மேலுறையைப் பற்றிக்கொள்ளும். பிறகு மெல்லிய நுனியிலிருந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் சிவப்பு ஒளி. டொலுயிடின் புளூ என்றால் 635 நானோமீட்டர் அளவில். ஒளியை உறிஞ்சிய சாயம் அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. வீரியமேறிய அந்த ஆக்சிஜன் கிருமியின் சவ்வு, புரதம், மரபணு என்று கண்டதையும் சிதைக்கும். அதன் ஆயுளோ தண்ணீரில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குதான். அதற்குள் தூரம் போக முடியாது.

சாயமும் ஒளியும் சேர்ந்த இந்த முறை பிறந்த கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மியூனிக்கில் பேராசிரியர் ஃபான் டாப்பைனரிடம் ஆஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் இருந்தார். அக்ரிடீன் சாயத்தில் பரமீசியம் என்ற ஒருசெல் உயிரி எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பார்ப்பது அவர் வேலை. அதே சாயம், அதே அளவு. ஒருமுறை சீக்கிரம் செத்தது, இன்னொரு முறை வெகுநேரம் நீந்தியது. கைப்பிசகு என்று தள்ளிவிட்டிருக்கலாம். ராப் அன்றைய வானத்தை யோசித்தார். ஒரு சோதனை இடிமழை நாளில் நடந்திருந்தது, வெளிச்சம் வேறு! இருட்டிலும் வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்து உறுதிசெய்தார். 1900இல் கட்டுரை வந்தது.

பின்னால் ஆன்டிபயாட்டிக் காலம் வந்ததும் கிருமிக்கு எதிரான இந்த வழி ஓரங்கட்டப்பட்டது. 1990களில் லண்டன் ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிறுவனத்தில் மைக்கேல் வில்சன் குழுவினர் வாய்க் கிருமிகள் மேல் இதைச் சோதித்தார்கள்.

பல்வலி என்றதும் மெடிக்கலில் கேட்டு நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிப் போட்டு, வலி அடங்கியதும் நிறுத்திவிடுகிறோம். கிருமிக்கு நாமே பயிற்சி கொடுப்பது இது. ஒரே இடத்தைக் குறிவைக்காத ஆக்சிஜனிடம் அப்படிப் பழகிக்கொள்வது கிருமிக்குக் கடினம். என் ஆர்வத்துக்குக் காரணம் அதுதான்.

ஆனால் இது துணை வைத்தியம். பலன் எல்லா ஆய்வுகளிலும் ஒரே மாதிரி இல்லை. சொத்தையைச் சுரண்டி அடைப்பது, வேர்க் குழாயைக் கழுவுவது, பற்காரை எடுப்பது எதுவும் இதனால் மிச்சமாகாது. முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டால் ஒளியை நம்பிக் காத்திருக்காதீர்கள். சீழை உடனே வெளியேற்றியாக வேண்டும்.