அந்தியூர்க் குதிரைச் சந்தை

ஓய்வு நாட்களை இனிது கழிக்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பவானிக் கூடுதுறையில் நீராடிச் சங்கமேசுவரரை வணங்கிப் புறப்பட்டால், சுமார் 20 கிலோமீட்டரில் அந்தியூரை அடையலாம். அங்கே புதுப்பாளையத்தில், ஆடித் திங்களில் குருநாதசுவாமி திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடுகின்றன. வடநாட்டுக் கத்தியவாரி, மார்வாரி இனக் குதிரைகளையும், காங்கேயம் காளைகளையும், செந்நிற மேனியில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மலைமாடுகளையும் ஒருங்கே காணலாம்.

காட்டு மேய்ச்சலில் வளரும் பர்கூர் மாடு மேட்டு நில உழவுக்கு ஏற்றது. டிராக்டர் வந்தபின் அதனை வளர்ப்போர் குறைந்துவிட்டனர். வாங்குவோர் இன்றேல் இனமும் நிலைக்காது. ஆதலின் வேடிக்கை பார்ப்பதோடு அமையாது, மாடு வாங்க எண்ணும் உழவர்கள் நாட்டு இனங்களையே நாடுவோமாக. திரும்புகையில் பவானிக் கைத்தறி ஜமக்காளம் ஒன்றும் வாங்கினால், நம் ஓய்வு நெசவாளர்க்கும் ஊதியமாகும்.